கூலியாளின் பெயர் எழுதி வைத்த கோட்டை

பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தவர்களின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் நம்மை அழைக்கின்றது. தொழில் தேடிக் கடல் கடந்தவர்களுக்கும் இந்த அழைப்பு உரியதே.

2004 ஆம் ஆண்டு தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின் கீழ் இலங்கையர் பலர் தென்கொரியாவுக்குச் செல்கின்றனர். தொழிற்சாலைகளில் வேலை செய்யும் அவர்களில் பலருக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு நாள். அந்த ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தொன்மையான இடங்கள் அங்கு நிறைய உண்டு. அவற்றுள் இரண்டை இங்கு பார்ப்போம்.

முதலாவது, தலைநகர் சியோலில் உள்ள கியோங்பொக்குங் அரண்மனை. 1395 இல் கட்டப்பட்ட இது 1592 இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்துபோனது. 19 ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டாலும், ஜப்பானிய ஆட்சியில் பெரும்பாலான கட்டடங்கள் இடிக்கப்பட்டன. 1990 முதல் கொரியர்கள் அவற்றைப் படிப்படியாகப் புதுப்பித்து வருகின்றனர். ஹன்பொக் எனும் பாரம்பரிய உடை அணிந்து வருவோருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அரசியின் மாளிகைக்குப் பின்னால் அழகிய செங்கல் புகைபோக்கிகள் நிற்கின்றன. அடுப்பின் வெப்பத்தைத் தரைக்கடியில் செலுத்தி அறையைச் சூடாக்கும் 'ஒன்தொல்' முறையின் புகை அவற்றின் வழியாகவே வெளியேறியது. மார்கழிக் குளிரில் நடுங்கும் நுவரெலியாக்காரருக்கு இதன் அருமை புரியும். சியோலில் 1976 இல் திறக்கப்பட்ட மத்திய பள்ளிவாசலும் இருப்பதால் தொழுகைக்கும் வழியுண்டு.

இரண்டாவது, சியோலுக்குத் தெற்கே சுவோன் நகரிலுள்ள ஹ்வாசோங் கோட்டை. வெளிநாட்டுத் தொழிலாளர் அதிகம் வாழும் அன்சானிலிருந்து ரயிலில் இங்கு வரலாம். ஜொங்ஜோ மன்னர் 1794 முதல் 1796 வரை இதைக் கட்டுவித்தார். ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளமான மதில். பாரமான கற்களைத் தூக்க, அறிஞர் ஜொங் யாக்யொங் கப்பிகள் பொருத்திய பாரந்தூக்கி ஒன்றை வடிவமைத்தார்.

இக்கோட்டையின் உண்மையான சிறப்பு ஒரு நூலில் இருக்கின்றது. கட்டட வேலை முழுவதையும் படங்களோடு விவரிக்கும் அப்பதிவேடு 1801 இல் அச்சிடப்பட்டது. கல்தச்சர், மரத்தச்சர் முதலியோரின் பெயர், அவர்கள் வேலை செய்த நாட்கள், பெற்ற கூலி எல்லாம் அதில் உள்ளன. வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நமக்கு இது மனதைத் தொடும் செய்தி. கொரியப் போரில் கோட்டை சிதைந்தபோது, அந்தப் பதிவேட்டைப் பார்த்தே 1970களில் அதைத் திருத்தினார்கள். 1997 இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது.

இனி நம் மலையகத்தைப் பார்ப்போம். ரயில் பாதை 1885 இல் நானுஓயாவை அடைந்தது. அந்தத் தண்டவாளங்களைப் போட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோர் கொண்டுவந்த தகர வில்லையில் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் ஆளுக்கு ஓர் எண்ணுமே பொறிக்கப்பட்டிருந்தன.

ஆனாலும் எல்லாம் அழிந்துவிடவில்லை. கம்பளைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயம் ஒன்று இன்று தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக இருக்கின்றது. ஹட்டனிலிருந்து ஒரு நாளில் போய் வரலாம். தோட்டங்களில் பேர் போடும் 'செக்ரோல்' புத்தகமும் ஆளின் பெயர், நாள், கூலி ஆகியவற்றைச் சொல்லும் பதிவேடுதான். பழைய செக்ரோல், துண்டு, சம்பளச் சீட்டு எதுவும் வீட்டில் இருந்தால், பெற்றோரே, அடுப்பில் போட்டுவிடாதீர்கள். தோழியரே, பாட்டி தாத்தாவின் பெயரையும் அவர்கள் உழைத்த மலையின் பெயரையும் இன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். சுவோன் கோட்டை மீண்டும் எழுந்தது அப்படி எழுதி வைத்த ஒரு புத்தகத்தால்தான்.