குடலைக் காப்போம், குழந்தையைக் காப்போம்

விதைநெல்லையும் மாட்டையும் கிணற்றையும் விட்டு வெளியேறிய ஒரு கமக்காரக் குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் முதல் அதன் உடல் உழைப்பு ஒன்றுதான். உடம்பில் பலம் இருந்தால் நாளைக்குக் கூலிக்குப் போகலாம். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் மண்வெட்டி பிடிக்கலாம். அந்தப் பலம் வயிற்றின் வழியாகத்தான் வருகிறது. ஆனால் மக்கள் இடம்பெயர்ந்து நெருக்கமாக வாழும் இடங்களில் நோய் முதலில் தாக்குவதும் வயிற்றைத்தான். 1995 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் சென்றவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து செட்டிகுளத்து முகாம்களுக்குச் சென்றவர்களும் இதனை நன்கு அறிவர். பலர் அள்ளும் ஒரே நீர், வரிசையில் நின்று போகும் மலசலகூடம், விறகுத் தட்டுப்பாடு ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் வயிற்றோட்டமும் வந்து சேர்ந்துவிடுகிறது.

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீரையும் சாப்பாட்டையும் நிறுத்தி, வயிற்றைக் காயப்போடும் வழக்கம் எம்மிடையே இன்னும் முற்றாக மறையவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். கேட்பதற்குச் சரிபோலத் தோன்றும் இந்த நியாயம் பல பிள்ளைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. அது ஏன் பிழையானது என்பதை விளங்கிக்கொள்வதற்கு, நாம் உண்ணும் சோறு எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

உணவு செல்லும் பாதை

சமிபாடு வாயிலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு கவளம் சோற்றைக் கறி இல்லாமல் நன்றாக மென்று பாருங்கள். சிறிது நேரத்தில் இலேசாக இனிக்கும். உமிழ்நீரிலுள்ள நொதியம் சோற்றின் மாப்பொருளை உடைத்துச் சீனியாக்கத் தொடங்கியிருப்பதே அதற்குக் காரணம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று எம் முன்னோர் சொன்னதில் இந்த உண்மை அடங்கியிருக்கிறது.

விழுங்கிய உணவு களத்தின் வழியாக இரைப்பையை அடைகிறது. இரைப்பை அதனைச் சில மணி நேரம் பிசைந்து கூழாக்குகிறது. அங்கே சுரக்கும் அமிலம் புரதத்தை உடைக்க உதவுவதோடு, உணவோடு உள்ளே வந்த கிருமிகளில் பெரும்பகுதியைக் கொன்றும் விடுகிறது. எனினும் அழுக்கு நீரில் கிருமிகள் ஏராளமாக வரும்போது ஒரு பகுதி தப்பி அப்பால் சென்றுவிடுகிறது.

அடுத்து வருவது சிறுகுடல். வளர்ந்த ஒருவருக்கு இதன் நீளம் ஏறக்குறைய 6 மீற்றர். ஈரலில் உருவாகும் பித்தமும் சதையியில் சுரக்கும் சாறும் இங்கே வந்து உணவோடு கலக்கின்றன. சோறு சீனியாகவும், பருப்பும் மீனும் அமினோ அமிலங்களாகவும், எண்ணெய் கொழுப்பமிலங்களாகவும் உடைகின்றன. சிறுகுடலின் உட்சுவர் வழுவழுப்பானது அன்று. நாற்றுமேடையில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளைப்போல நுண்ணிய சடைமுளைகள் அதன்மீது நிறைந்துள்ளன. உணவின் சத்தை இரத்தத்துக்குள் உறிஞ்சி எடுப்பவை இவைதாம். குடலின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால் சுமார் 30 சதுர மீற்றர் வரும். ஒரு சிறிய வீட்டின் தரைக்கு அது சமம். இந்தச் சுவரின் கலங்கள் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அதற்கு நாள்தோறும் உணவு வேண்டும்.

சிறுகுடலைத் தாண்டியதும் சுமார் 1½ மீற்றர் நீளமான பெருங்குடல் வருகிறது. எஞ்சிய நீரையும் உப்பையும் அது உறிஞ்சிக்கொள்கிறது. சமிக்காத நாரைத் தின்று வாழும் கோடிக்கணக்கான நல்ல பற்றீரியாக்களும் அங்கேதான் குடியிருக்கின்றன. குரக்கன், தவிட்டோடு கூடிய அரிசி, கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள நார் அவற்றுக்கு உணவாகிறது, மலச்சிக்கலையும் தடுக்கிறது.

நாளொன்றுக்கு ஒன்பது லீற்றர்

வளர்ந்த ஒருவர் ஒரு நாளில் உணவோடும் பானத்தோடும் உட்கொள்ளும் நீர் ஏறத்தாழ 2 லீற்றர். ஆனால் உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தம், சதையிச் சாறு, குடற்சாறு என்று எமது உடலே மேலும் 7 லீற்றர் வரையான நீரைக் குடலுக்குள் இறைக்கிறது. ஆக மொத்தம் 9 லீற்றர். இவ்வளவு நீரில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலீற்றர் மட்டுமே. மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சி உடலுக்கே கொடுத்துவிடுகிறது. வயலுக்குப் பாய்ச்சிய நீர் ஒரு சொட்டும் வீணாகாமல் குளத்துக்கே திரும்பி வருவதைப்போன்ற ஏற்பாடு இது.

வயிற்றோட்டம் என்பது இந்த ஏற்பாட்டில் ஏற்படும் உடைப்பு. கிருமி குடற்சுவரைத் தாக்கும்போது உறிஞ்சும் வேலை தடைப்படுகிறது. வாந்திபேதிக் கிருமியின் நஞ்சோ இன்னும் ஒரு படி மேலே போய், குடற்சுவரே உப்பையும் நீரையும் கொட்டும்படி செய்துவிடுகிறது. கடும் வாந்திபேதியில் வளர்ந்த ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லீற்றர் நீரை இழக்கக்கூடும். வாயை மூடிக்கொண்டாலும் இந்த ஓட்டம் நிற்காது. வெளியேறுவது நாம் குடித்த நீர் மட்டுமன்று, எமது இரத்தத்திலிருந்து வந்த நீரும் உப்புமே ஆகும். 10 கிலோ நிறையுள்ள ஒரு பிள்ளை 1 லீற்றர் நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். தண்ணீரை நிறுத்துவதென்பது உடைந்த குளத்துக்கு வரும் வாய்க்காலையும் மறிப்பதற்கு ஒப்பாகும்.

மூடாத கதவு

இறைவன் படைத்த உடலில் ஓர் அற்புதமான வழி இருக்கிறது. வயிற்றோட்டத்தின்போது குடலின் பல கதவுகள் சரிவர வேலை செய்யாவிட்டாலும், ஒரு கதவு பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. அதனூடாகக் குளுக்கோசும் உப்பிலுள்ள சோடியமும் ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளைப்போலச் சேர்ந்தே உள்ளே செல்கின்றன. அவை சென்றால் நீரும் பின்னால் செல்கிறது. வெறும் நீரோ, உப்பு மட்டும் கலந்த நீரோ இவ்வளவு விரைவாக உறிஞ்சப்படுவதில்லை. சீனியும் உப்பும் சரியான அளவில் சேரவேண்டும். 1960 ஆம் ஆண்டு றொபேட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி இந்த இணைப்பை விளக்கினார்.

இந்த அறிவு எம்மைப்போன்ற ஏதிலிகளின் நடுவில்தான் பெரிதாகச் சோதிக்கப்பட்டது. 1971 இல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பொங்காவ் என்ற எல்லை நகரில் வாந்திபேதி பரவியது. நோயாளர் வைத்தியசாலைத் தரையிலேயே கிடந்தார்கள். நாளத்தினூடாக ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை வைத்தியர் திலீப் மகலனோபிஸ், குளுக்கோசு, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நிறுத்துக் கலந்து, நீரில் கரைத்துப் பெரிய கொள்கலன்களில் வைக்கச் செய்தார். தாய்மாரும் உறவினருமே அதனைக் குவளையில் எடுத்து நோயாளருக்குப் பருக்கினார்கள். அதற்கு முன்னர் 100 பேரில் 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 100க்கு 4 பேரிலும் குறைந்தது. 1978 இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையை அடிப்படையாகக் கொண்டு வயிற்றோட்டத்துக்கு எதிரான உலகளாவிய திட்டத்தை ஆரம்பித்தது. எமது நாட்டில் ஜீவனி என்ற பெயரில் கிடைக்கும் பொதியில் இருப்பதும் இந்த வகை மருந்துதான்.

பொங்காவில் உயிர்களைக் காத்தது பெரிய இயந்திரமன்று. சரியான அளவும், அருகிலிருந்து பருக்கிய உறவினரின் பொறுமையுமே ஆகும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஜீவனிப் பொதி முழுவதையும், அதில் எழுதப்பட்ட அளவான கொதித்தாறிய நீரில் ஒரே முறையில் கரைக்கவேண்டும். பாதிப் பாதியாகப் பிரித்துக் கரைத்தால் அளவு பிழைத்துவிடும். கரைத்ததை மூடி வையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீந்ததை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பொதி கிடைக்காவிட்டால் 1 லீற்றர் கொதித்தாறிய நீரில், மட்டமாக வழித்த 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். பருகிப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக்கூடாது. உப்புக் கூடினால் பிள்ளைக்கு ஆபத்து. சீனி கூடினால் அது குடலுக்குள் மேலும் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். கடையில் விற்கும் இனிப்புச் சோடாவைக் கொடுக்கவேண்டாம் என்பதும் இதனாலேதான்.

ஒவ்வொரு முறை வயிற்றாலே போன பின்பும், 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 50 முதல் 100 மில்லிலீற்றரும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றரும் கொடுக்கவேண்டும். பெரியவர்கள் தாகம் தீரும்வரை குடிக்கலாம். பிள்ளை சத்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெல்லப் பருக்குங்கள்.

தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. சற்றுப் பெரிய பிள்ளைக்கு உப்பிட்ட சோற்றுக் கஞ்சி, பருப்புச் சோறு, வாழைப்பழம் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பல தடவை கொடுக்கலாம். உதிர்ந்த குடற்சுவர் மீண்டும் முளைப்பதற்கு இந்த உணவே பசளை. உணவை நிறுத்தினால் குடல் மெலியும். மெலிந்த குடல் சத்தை உறிஞ்சாது. சத்தற்ற பிள்ளையை அடுத்த வயிற்றோட்டம் இலகுவில் பற்றிக்கொள்ளும். இந்த வளையத்தை வெட்டுவதற்கு, நோய் மாறிய பின்னரும் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு நேரம் மேலதிகமாக உணவு கொடுங்கள். 2004 முதல் உலக சுகாதார நிறுவனம், ஜீவனி போன்ற கரைசலோடு நாகச் சத்து மாத்திரையையும் 10 முதல் 14 நாட்கள் கொடுக்கும்படி பரிந்துரைக்கிறது. வைத்தியரிடம் அதைப்பற்றிக் கேளுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தவென்று கடையில் வாங்கும் குளிசைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். வழியிலும் பருக்குவதை நிறுத்தக்கூடாது.

கண் குழிவிழுதல், அழும்போது கண்ணீர் வராமை.
வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புதல்.
பல மணி நேரம் சலம் போகாமை.
சோர்ந்து கிடத்தல், குடிக்க இயலாமை, குடித்ததெல்லாம் சத்தியாதல்.
மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல்.

உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு

நிவாரணமாகக் கிடைக்கும் அரிசியும் மாவும் பருப்பும் பசியை ஆற்றும். ஆனால் கிடைத்த உணவின் சத்து முழுவதும் உடலில் சேர்கிறதா என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தைக் குடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. முருங்கைக்கீரை வறையில் தேசிக்காய்ப் புளி விட்டுக்கொண்டால் அது கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணீர் அதனைத் தடுக்கும். எனவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணீர் குடிப்பது நல்லது. செலவில்லாத இந்த மாற்றம் இரத்தச் சோகையுள்ள தாய்மாருக்குப் பெரிதும் உதவும்.

தோட்டத்திலும் வயலிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொழுக்கிப்புழு ஒரு மறைவான எதிரி. திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து அதன் குடம்பிகள் ஈரமண்ணில் வளர்ந்து, காற்தோலைத் துளைத்து உட்புகுந்து, ஈற்றில் குடலில் பற்றிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கின்றன. காரணமில்லாமல் களைப்பும் வெளிறலும் இருந்தால் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்மார் குடும்பநல மருத்துவிச்சியிடம் கேட்டே பூச்சி மருந்து எடுக்கவேண்டும்.

எல்லோருமாகச் செய்ய வேண்டியவை

சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் முன்னரும், மலசலகூடம் சென்ற பின்னரும், பிள்ளைக்குக் கால்கழுவிய பின்னரும் சவர்க்காரத்தால் கைகழுவுவது ஒவ்வொருவரும் செய்யக்கூடியது. சவர்க்காரம் இல்லாதபோது சாம்பல் உதவும். குடிக்கும் நீரைக் குமிழிட்டுக் கொதிக்கும்வரை காய்ச்சி, மூடிய பாத்திரத்தில் வையுங்கள். விறகு குறைவாக இருந்தால் முதலில் பாலருக்கும் நோயாளருக்குமாவது காய்ச்சுங்கள்.

ஆனால் கிணறு எல்லோருக்கும் பொதுவானது. ஒரு வீட்டார் மட்டும் துப்புரவாக இருந்து பயனில்லை. கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாத தூரத்தில் மலக்குழி அமைத்தல், கிணற்றுக் கட்டைச் சுற்றி நீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டுதல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் கிணற்றுக்குக் குளோரீன் இடுவித்தல் ஆகியவற்றை ஒரு நாள் சிரமதானத்திலேயே தொடங்கிவிடலாம். எமது கிராமங்களில் குளக்கட்டு உடைந்தால் யாருடைய வயல் முன்னால் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. எல்லோரும் மண்வெட்டியோடு ஓடுவோம்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல என்று புனித பவுல் காட்டிய உவமை திருச்சபைக்கு மட்டுமன்றி ஒரு முகாமுக்கும் ஒரு கிராமத்துக்கும் பொருந்தும். அடுத்த கொட்டிலில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்று கேள்விப்பட்டால், ஒரு லீற்றர்ப் போத்தலில் கரைசலைக் கலந்து எடுத்துக்கொண்டு போங்கள். அந்தத் தாயின் அருகில் இருந்து, கரண்டியால் எப்படிப் பருக்குவது என்று காட்டிக்கொடுங்கள். காணிகள் மீண்டும் பச்சை பிடிக்கும் நாளில் அங்கே ஓடி விளையாட அந்தப் பிள்ளையும் இருக்கவேண்டும்.