சிறைச் சுவருக்குள் செல்லும் கண்கள்

ஒரு மனிதனை அரசு சிறையிலடைக்கும்போது அவனுடைய உணவுக்கும் மருந்துக்கும் உயிருக்கும் அரசே பொறுப்பாளியாகிறது. அவன் அரசின் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தப் பொறுப்பு முறையாக நிறைவேறுகிறதா என்று பார்ப்பவர் யார்? அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவை நாம் ஆராய்வோம்.

அங்கே சிறைகள் இருவகைப்படும். பெருங்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டோர் மாநிலச் சிறைகளில் வைக்கப்படுகின்றனர். அவற்றை நடத்தும் துறையின் செயலரை, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் ஆளுநர் நியமிக்கிறார்; மாநில செனட் அவை அதற்கு ஒப்புதல் தருகிறது. இரண்டாம் வகை, 58 கவுண்டிகளைக் கொண்ட அம்மாநிலத்தின் உள்ளூர்ச் சிறைகள். விசாரணையை எதிர்நோக்கி இருப்போரும் குறுகிய காலத் தண்டனை பெற்றோருமே மரபாக இவற்றில் இருந்துவந்தனர்.

கவுண்டிச் சிறைகள் பெரும்பாலும் 'ஷெரீஃப்' என்னும் அதிகாரியின் பொறுப்பில் உள்ளன. நமக்குப் பழகிய 'ஷரீஃப்' என்ற அரபுச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. 'ஷயர்' எனப்பட்ட நிலப்பகுதியின் 'ரீவ்', அதாவது அலுவலர் என்ற பழைய ஆங்கில வழக்கின் திரிபே இது. ஷெரீஃப் வாக்குப்பதிவின் மூலம் தேர்ந்தெடுக்கப்படுபவர். நிதி ஒதுக்குவது கவுண்டி அவை. ஆனால் அவர் முதன்மையாக விடை சொல்லவேண்டியது வாக்காளருக்கு. சிறைக்குள் இருப்பவர்களின் துயரம் வாக்குச்சாவடி வரை எட்டுமா என்பதே ஐயம்.

மாநிலச் சிறைகளின் சீர்கேட்டைத் தடுத்து நிறுத்தியது நீதிமன்றமே. ஏறத்தாழ 80,000 பேருக்கென அமைந்த சிறைகளில் அதைப்போல் இருமடங்குக்கு நெருக்கமானோர் அடைபட்டிருந்தனர். மருத்துவக் குறைபாட்டால் சராசரியாக ஆறு, ஏழு நாள்களுக்கு ஒரு கைதி வீணே உயிரிழக்கிறார் என்று 2005இல் கூட்டாட்சி நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் கண்டறிந்தார். சிறை மருத்துவ நிர்வாகத்தையே துறையிடமிருந்து எடுத்து, நீதிமன்றம் நியமிக்கும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க ஆணையிட்டார். கைதிகளின் எண்ணிக்கையைக் கொள்ளளவின் 137.5 விழுக்காட்டுக்குக் குறைக்கவேண்டும் என்ற ஆணையை 2011 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டம், வன்முறையற்ற, கடுமையற்ற, பாலியல் சாராத குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டோரைக் கவுண்டிகளின் பொறுப்பில் விட்டது. நெரிசல் குறைந்தது, எனினும் சுமையின் ஒரு பகுதி இடம்மாறியது. குறுகிய காலத்துக்கென அமைந்த சிறைகளில் பல ஆண்டுத் தண்டனையைக் கழிப்போரும் சேர்ந்தனர்.

அங்கே கண்காணிப்பின் நிலை என்ன? மாநில வாரியம் ஒன்று குறைந்தபட்ச விதிகளை வகுத்து, ஈராண்டுக்கு ஒருமுறை கவுண்டிச் சிறைகளை ஆய்வு செய்கிறது. விதிமீறலைக் கண்டால் அறிக்கை எழுதலாம்; திருத்தியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. சான் டியாகோ கவுண்டிச் சிறைகளில் 2006 முதல் 2020 வரை 185 பேர் இறந்தனர் என்று மாநிலத் தணிக்கையாளரின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறியபோது, வாரியத்தின் விதிகளே போதாதவை என்பதும் வெளிப்பட்டது. ஆவணங்களைக் கோரிப் பெறும் அதிகாரமுள்ள கண்காணிப்புக் குழுக்களைக் கவுண்டிகள் அமைத்துக்கொள்ள 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. காவலில் நிகழும் மரணங்களை ஆராயத் தனிப் பதவியை 2023ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கியது.

இதில் நாம் உணரவேண்டிய முரண் ஒன்றுண்டு. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டோர் இருக்கும் சிறையை நீதிமன்றத்தின் ஆணை காத்தது. குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதோர் இருக்கும் சிறையைப் பெரும்பாலும் அறிக்கைகளே காத்துநிற்கின்றன. காண்பதற்கு உரிமை பெற்ற கண் போதாது. திருத்தும் வலிமையுள்ள கையும் அதனோடு இணையவேண்டும்.