பருவம் யாருடையது? - ஒரு தட்டு விளையாட்டை முன்வைத்து

1

'பருவம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலை. கரிசலில் மழை இறங்கினால் அது விதைப்புப் பருவம். வீட்டில் பெண்பிள்ளை சடங்காகிவிட்டால் அவள் 'பருவமடைந்தவள்'. முதலாவது பருவம் நிலத்தைத் திறந்துவிடுகிறது. இரண்டாவது, அதுவரை தெருவில் ஓடித்திரிந்த பிள்ளையை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்துகிறது. விளையாட்டுக்காரர்கள் 'சீசன்' என்பதும் பருவத்தைத்தான். ஒரு போட்டிப் பருவம் எந்த மாதம் தொடங்குகிறது, எத்தனை வாரம் நீள்கிறது, எதன் பக்கத்தில் எது வைக்கப்படுகிறது என்பதெல்லாம் அட்டவணை போடுகிறவரின் வசதியைச் சார்ந்த, யாருக்கும் சார்பற்ற காரியமாகவே தோற்றம் தருகின்றன. அப்படியல்ல என்பதுதான் நான் சொல்ல வருவது. அதற்கு நம்மில் பலர் பார்த்திராத விளையாட்டொன்றை எடுத்துக்கொள்கிறேன். அல்டிமேட் ஃபிரிஸ்பி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வாயில் அது 'தட்டு'.

1968-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் மேப்பிள்வுட்டில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய விளையாட்டு இது. தட்டின் எடை 175 கிராம். களம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் 18 மீட்டர் எல்லைப் பகுதி. அணிக்கு ஏழு பேர், மணலில் ஐந்து பேர். தட்டைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. எதிராளி பத்து எண்ணுவதற்குள் எறிந்துவிட வேண்டும். எதிர்முனை எல்லைப் பகுதியில் தன் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்தால் தட்டு எதிரணிக்கு. சென்னையில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் இதைப் பார்க்கலாம். இந்தியப் போட்டிகள் பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு அணிகளுக்கானவை. 'சென்னை ஹீட்' போட்டியும் அப்படித்தான்.

இரண்டு விதிகள் நம் கவனத்துக்குரியவை. ஒன்று, உடல் உரசினால் அது தவறு. கபடியில் தொடுதல்தான் புள்ளி. இங்கே தொடுதல் குற்றம். இரண்டு, நடுவர் கிடையாது. தவறு இழைக்கப்பட்டவரே 'ஃபவுல்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதிராளி மறுத்தால் இருவரும் பேசுகிறார்கள். உடன்பாடு வராவிட்டால் தட்டு எறிந்தவரிடமே திரும்புகிறது. ஆக, தன் பக்கத்து நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்வது இவ்விளையாட்டின் ஒரு திறன். 'எதிர்த்துப் பேசாதே' என்று வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு எறிவதைவிடக் கடினமான திறன் அது.

2

கலப்பு ஆட்டத்தில் ஏழு பேரும் நாலுக்கு மூன்று என்று பிரிகிறார்கள். சர்வதேச விதிமுறைகளில் ஒன்றின்படி, முதல் புள்ளிக்கு நான்கு பெண்கள் இறங்கினால் அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நான்கு ஆண்கள். அதற்கடுத்த இரண்டுக்கு மறுபடி நான்கு பெண்கள். எண்ணிக்கையில் எந்தக் குறையும் இல்லை. 2001-ல் ஜப்பானின் அகிதாவில் நடந்த உலக விளையாட்டுகளில் இவ்விளையாட்டு கலப்பு வடிவத்திலேயே நுழைந்தது. மற்ற விளையாட்டுகளில் நெடுங்காலம் போராடிப் பெற வேண்டியிருந்த இடம், இங்கே விதியாகவே வந்துவிட்டது. கபடியைப் பாருங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆண்கள் கபடி 1990-ல் வந்தது, பெண்கள் கபடி 2010-ல். நடுவில் இருபது வருஷம்.

ஆனால் இடம் இருப்பதும் தட்டு வருவதும் ஒன்றல்ல. போன சித்திரையில் திருச்சுழிப் பக்கம் வறண்டுகிடந்த ஒரு கண்மாயில், சென்னையில் படிக்கும் பையன் ஒருவன் கொண்டுவந்த தட்டை வைத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள். சீமைக்கருவேல முள்ளைப் பொறுக்கிவிட்டு, கல்லை அடுக்கி எல்லை போட்டார்கள். மூன்று வாரம் சாயங்காலம் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒரு பெண்பிள்ளை எல்லைப் பகுதியில் ஆளில்லாமல் நின்று கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். தட்டு இரண்டு பையன்களுக்கு நடுவிலேயே போய் வந்தது. நாலாவது நாள் அவள் ஓடுவதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "எறிய மாட்டாங்கக்கா. பெறகு எதுக்கு ஓடணும்?"

எறியாததற்குப் பையன்களிடம் கெட்ட எண்ணமில்லை. 'அவ விட்டுருவா' என்பது அவர்கள் வாதம். விட்டுவிடுவாள் என்பதால் எறிவதில்லை, எறியாததால் அவளுக்குப் பிடித்துப் பழக்கமில்லை, பழக்கமில்லாததால் விடுகிறாள். அதிகாரம் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளும் வழக்கமான வட்டம்தான். பெண்கள் மட்டும் ஆடும் ஆட்டத்தில் இந்த வட்டம் வேறு வழியின்றி அறுபடுகிறது. நீள எறிபவளும், திட்டம் சொல்பவளும், 'ஃபவுல்' என்று கத்துபவளும், 'இல்லை' என்று மறுப்பவளும் பெண்ணாகவே இருந்தாக வேண்டும்.

எனவே இரண்டும் வேண்டும். சிக்கல் பருவத்தில்தான் வருகிறது.

3

கணக்கைப் பார்ப்போம். ஓர் ஊரில் ஆடத் தெரிந்த பெண்கள் இருபது பேர், ஆண்கள் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். கலப்பு அணிக்கு ஏழெட்டுப் பெண்கள் என்றால் மூன்று அணிகூடத் தேறாது. பெண்கள் அணிக்குப் பதினைந்து பேர் என்றால் ஓர் அணிதான், ஆடுவதற்கு எதிரணி இல்லை. இரண்டு போட்டிகளையும் ஒரே மாதத்தில் வைத்தால் இருபது பேர் இரண்டாகக் கிழிபடுகிறார்கள். கலப்பும் நொண்டுகிறது, பெண்கள் போட்டியும் நொண்டுகிறது. கடைசியில் 'பெண்கள் வருவதில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். ஆண்கள் போட்டிக்கு இந்த ஆபத்து இல்லை. நாற்பது பேர் கலப்புக்குப் போனாலும் இருபது பேர் மிச்சம்.

அமெரிக்காவில் ஆண்கள், பெண்கள், கலப்பு மூன்றும் ஒரே பருவத்தில் நடக்கின்றன. ஒருவர் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பிரிட்டனில் முதலில் கலப்புப் பருவம், அது முடிந்தபின் ஆண்கள், பெண்கள் பருவம். ஒருத்தி இரண்டிலும் ஆடலாம். ஆயிரக்கணக்கில் ஆடும் தேசத்தில் முதல் வழி தாங்கும். இருபது பேர் உள்ள ஊரில் தாங்காது.

ஆணின் பருவத்துக்குள் பெண்ணின் பருவத்தைச் செருகுவது என்று மூன்றாவது வழியும் உண்டு. 2014-ல் ஆண்களுக்கான புரோ கபடி தொடங்கியது. 2016-ல் அதற்குள்ளேயே மூன்று அணிகளோடு பெண்கள் கபடி சவால் என்றொரு போட்டியை நடத்தினார்கள். அடுத்த வருஷம் அது இல்லை. இடைவேளையில் காட்டப்படுவது இடைவேளையோடு முடிந்துபோகும். மாறாக, 2023-ல் தொடங்கிய பெண்கள் பிரீமியர் லீக் கிரிக்கெட், ஆண்கள் ஐபிஎல்லுக்கு முன்னால் தனக்கென்று வாரங்களை வைத்துக்கொண்டது. பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. தனி வாரங்கள் என்பது இன்னொரு காரணம்.

4

எங்கள் ஊர்ப்பக்கம் இதை எப்படிப் போடுவது? ஐப்பசி, கார்த்திகையில் கண்மாயில் தண்ணீர் கிடக்கும் (கிடந்தால்). மாசி, பங்குனியில் மிளகாய்ப்பழம் எடுப்பு. அது பெண்களின் கைவேலை. ஆடியில் காற்று, 175 கிராம் தட்டை அது எங்கேயோ கொண்டுபோய்விடும். மிஞ்சுவது சித்திரை, வைகாசி. பள்ளிக்கூட லீவு, காய்ந்த கண்மாய், வெயில் தாழ்ந்த பின் ஒன்றரை மணி நேரம். மல்லி பறிக்கப் போகிறவளுக்கு அதிகாலை வேலை, மில்லுக்குப் போகிறவளுக்கு ஷிப்டு. வாரத்தில் எந்த இரண்டு நாள் என்பதை அவர்களைக் கேட்காமல் போட முடியாது.

என் யோசனை பிரிட்டனின் வரிசையைத் திருப்பிப் போடுவது. சித்திரையில் நாலு வாரம் பெண்கள். ஒரு வாரம் ஓய்வு. பிறகு நாலு வாரம் கலப்பு. எறியவும் சொல்லவும் பழகியவள் கலப்புக்குள் நுழையும்போது 'விட்டுருவா' என்ற வாதம் செல்லாது. புதிதாக வருகிறவர்களுக்குக் கலப்புதான் எளிது, ஆண்கள் கற்றுக்கொடுப்பார்கள் என்று ஒரு மறுப்பு வரும். யார் கற்றுக்கொடுப்பது என்பதே இங்கே கேள்வி என்பதால் அதை நான் ஏற்கவில்லை.

இன்னொரு மறுப்பை அவ்வளவு லேசாகத் தள்ள முடியவில்லை. பெண்கள் மட்டும் என்றால் தாய்மார்கள் அனுப்புகிறார்கள். "ஆம்பளப் பயலுகளோடயா?" என்றால் அங்கே பேச்சு நின்றுவிடுகிறது. ஆகவே பெண்கள் பருவத்தை முன்வைப்பதில் வேலியை ஒத்துக்கொள்ளும் தந்திரமும் கலந்திருக்கிறது. அந்த வேலி வெறும் ஆண்-பெண் வேலியும் அல்ல. அகமணமே சாதியைக் காக்கும் பொறி என்று அம்பேத்கர் 1916-ல் எடுத்துக்காட்டினார். எந்தத் தெருப் பையனோடு எந்தத் தெருப் பிள்ளை ஓடுகிறாள் என்பதை எங்கள் ஊர்க் கண்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. 'கலப்பு' என்ற சொல் இங்கே வேறெதற்குப் பெயர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் அணியிலும் ஒரே தெருப் பிள்ளைகளாகவே சேர்ந்துவிட்டால், நாம் போட்டது இன்னொரு வேலிதான்.

அதனால் இரண்டு நிபந்தனைகள். கலப்புப் பருவத்தின் தேதி, பெண்கள் பருவம் தொடங்குமுன்னே எழுதி ஒட்டப்பட வேண்டும். 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் அது வராது. அணிகளைத் தெருவாரியாகப் பிரிக்கக்கூடாது. சீட்டுக் குலுக்கிப் பிரிக்க வேண்டும். இதற்குச் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும். முதல் வருஷம் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடவும் கூடும்.

ஓடுவதை நிறுத்திய அந்தப் பிள்ளைக்கு வருகிற சித்திரையில் பதினான்கு வயசு. அவள் வருவாளா, வீட்டில் விடுவார்களா என்பது என் கையில் இல்லை. அட்டவணை போட உட்காருகிறபோது அவளையும் கூப்பிட்டு உட்காரவைப்பது என் கையில் இருக்கிறது.