உங்களுக்குத் தெரியுமா? சிம்லாவில் பிறந்த சங்கம், பெங்களூருக்காரர் அடித்த முதல் கோல்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது கால்பந்தின் கோட்டையான கொல்கத்தாவில் அல்ல, சிம்லாவில்! 1937 ஜூன் 23 அன்று, அங்கிருந்த ராணுவத் தலைமையகத்தில் ஆறு சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி அதை உருவாக்கினார்கள். ஃபிஃபாவில் இடம் கிடைத்தது 1948-இல்.

அதே ஆண்டு ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக்ஸ். எதிரணி பிரான்ஸ். நம் வீரர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீண். ஆனாலும் பெங்களூருவின் சாரங்கபாணி ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அதுதான்! கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் மீண்டும் கோல் அடித்து 2-1 என வென்றது.

பெங்களூருவின் கால்பந்துப் பெருமை ராமனோடு முடியவில்லை. அந்த அணியில் ஆடிய அகமது கானும் இவ்வூர்க்காரரே. 1946-47 சந்தோஷ் கோப்பையில், இதே நகரில், வலிமைமிக்க வங்காளத்தை வீழ்த்திக் கோப்பையைக் கைப்பற்றியது மைசூர் அணி.