மார்க் (எல்லைப்புற நிலப்பகுதி)

மார்க் என்பது இடைக்காலத்தில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் பேரரசின் எல்லையோரமாக அமைந்திருந்த காவற் பகுதியைக் குறிக்கும் சொல் ஆகும். இச்சொல்லின் பொருள் எல்லை என்பதாகும். இதன் ஆட்சியாளர் மார்க்கிராஃப் எனப்பட்டார். அயலார் தாக்குதலை உடனுக்குடன் எதிர்கொள்ள வேண்டியிருந்ததால், இவருக்கு உள்நாட்டுப் பிரபுக்களைவிடக் கூடுதலான படை அதிகாரம் இருந்தது.

பெயர்கள்

எல்லைகள் நகர்ந்த பின்னரும் பெயர்கள் நிலைத்தன. 1157 இல் 'கரடி' ஆல்பிரெக்ட் நிறுவிய பிராண்டன்பர்க் மார்க்கின் நினைவாக ஆல்ட்மார்க், உக்கர்மார்க் ஆகிய வட்டாரப் பெயர்கள் ஜெர்மனியில் இன்றும் வழங்குகின்றன. ஸ்டையர்மார்க் 1180 இல் டியூக் ஆட்சிப்பகுதியானது. எனினும் பெயர் மாறவில்லை. தற்போது அது ஆஸ்திரியாவின் ஒரு மாநிலமாகும்.

ஆஸ்திரியா

976 இல் பாபன்பெர்க் மரபினரின் ஆட்சிக்கு வந்த பகுதி, இலத்தீன் ஆவணங்களில் 'கிழக்கு மார்க்' என்னும் பொருளில் குறிக்கப்பட்டது. 996 ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் காணப்படும் 'ஒஸ்டாரிக்கி' என்ற பெயரிலிருந்தே 'ஓஸ்டர்ரைக்' என்னும் நாட்டுப்பெயர் தோன்றியது. 1156 இல் இது டியூக் ஆட்சிப்பகுதியாக உயர்ந்தது.

1938 இல் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட நாசி அரசு, நாட்டுப்பெயரை நீக்கி 'ஓஸ்ட்மார்க்' (கிழக்கு மார்க்) எனப் பெயரிட்டது. இதனால் தனி நாடாக இருந்தது, பெயரளவிலும் ஜெர்மனியின் எல்லைப்புறமாகியது. அப்பெயரும் தனித்தன்மையை நினைவூட்டியதால் 1942 இல் கைவிடப்பட்டது. 1945 இல் பழைய பெயர் மீண்டது.