மிகைப்பேச்சு: எறிவதா, குவிப்பதா?



ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது என்று நம் ஊர்களில் சொல்வார்கள். கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது என்றும் சொல்வதுண்டு. மிகைப்படுத்திப் பேசுவதற்குப் பிற மொழிகளில் வழங்கும் பெயர்களும் சிந்திக்கத்தக்கவை.

'எக்ஸாஜரேஷன்' என்ற ஆங்கிலச் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்கு மண்மேடு என்று பொருள். மண்ணைக் கொட்டி மேடாக்குவதுபோல, நடந்ததன்மேல் நடக்காததைக் குவிப்பது.

கிரேக்கச் சொல்லோ 'ஹுப்பெர்போலே'. அதாவது, எல்லைக்கு அப்பால் எறிதல். தமிழ் இலக்கணத்தில் இது உயர்வு நவிற்சி அணி. நவிற்சி என்றால் சொல்லுதல். தண்டியலங்காரம் இதனை அதிசய அணி என்கிறது.

இந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் 8 முறை வருகிறது. எட்டும் புனித பவுலின் மடல்களில்தான். திருச்சபையைத் தாம் அளவு கடந்து துன்புறுத்தியதைச் சொல்லவும் (கலா 1:13), அன்பை ஒப்பற்ற நெறியாகக் காட்டவும் (1 கொரி 12:31) அதே சொல்லை அவர் கையாளுகிறார். ஆகவே, எல்லை கடப்பது நன்மைக்கும் ஆகலாம், தீமைக்கும் ஆகலாம்.

ஆண்டவர் இயேசுவும் மிகைப்படுத்திப் பேசினார். ஊசியின் காதில் ஒட்டகத்தையும் (மத் 19:24), கண்ணுக்குள் மரக்கட்டையையும் (மத் 7:3) காட்டினார். கேட்ட எவரும் ஏமாறவில்லை. அது உயர்வு நவிற்சி என்பது அவர்களுக்குத் தெரியும். சொல் பெரிதாயிற்று, உண்மை சிதையவில்லை.

புறணி அப்படியல்ல. வேலை முடிந்து ஓர் இளம்பெண் தாமதமாக வீடு திரும்புகிறார். முதல் வீட்டில் அது வெறும் செய்தி. இரண்டாம் வீட்டில் சந்தேகம். நான்காம் வீட்டில் அதுவே 'நடந்த கதை'. பேசி முடித்த திருமணம் நின்றுபோகிறது. கேட்டவர்களுக்கு அது மிகை என்று தெரியாது. குவித்த மண்ணுக்கு அடியில் ஒருவரின் நற்பெயர் புதைந்துவிடுகிறது.

உண்மைக்கு எதிராகச் செய்த தவறுக்கு மன்னிப்புப் பெற்ற பின்னும், அதனால் விளைந்த தீங்கை ஈடுசெய்யும் கடமை உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2487) கற்பிக்கிறது. ஒப்புரவு அருளடையாளம் பெற்றுவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. கதை எந்த வீடுகளுக்குப் போனதோ, அந்த வீடுகளுக்குப் போய், "நான் சொன்னது உண்மையல்ல" என்று சொல்ல வேண்டும். கொட்டிய மண்ணை, கொட்டியவரே அள்ள வேண்டும்.

அடுத்த வீட்டுச் செய்தியைச் சொல்லுமுன், கேட்பவர் இதை அப்படியே நம்பிவிடுவாரா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். நம்புவார் என்றால், உள்ளதை உள்ளபடி மட்டும் சொல்வோம்.