கறுப்புத் திரைக்குள் ஒரு குட்டி மொழி

சர்வர்களைப் பராமரிக்கும் பொறியாளரின் திரையில் எந்நேரமும் ஐந்தாறு டெர்மினல் டேப்கள் திறந்திருக்கும். எல்லாவற்றிலும் அதே கறுப்புப் பின்னணி, அதே எழுத்து, அதே மினுக்கும் கர்சர். ஒன்று சோதனைக்காக வைத்திருக்கும் கணினி. பக்கத்து டேப்பில் இருக்கும் கணினியிலோ வாடிக்கையாளர்கள் இந்த நிமிடம் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டேட்டாபேஸை அழிக்கும் கட்டளையை டேப் மாறித் தட்டிவிட்டால் போனது போனதுதான். அதனால் அவர் ஆசைப்படுவது சின்ன விஷயம்: முக்கியமான சர்வருக்குள் நுழைந்ததும் அந்த டேப் சிவப்பாகிவிட வேண்டும். பெரும்பாலான டெர்மினல்களின் செட்டிங்ஸ் பக்கத்தில் இப்படி ஒரு பொத்தான் இல்லை. எந்த சர்வர் முக்கியம் என்பது அந்த அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத்தான் தெரியும். டெர்மினலை எழுதியவர் அதை எப்படி அறிவார்?

அறிய வேண்டியதில்லை என்று முடிவெடுத்த சில நிரலாளர்கள், தங்கள் டெர்மினலுக்குள் முழு நிரல்மொழி ஒன்றையே குடிவைத்தார்கள். மென்பொருள் உலகில் நடந்த தாராளமான காரியங்களில் இதுவும் ஒன்று என்பேன். "உனக்கு என்ன வேண்டும் என்று நான் ஊகிக்கவில்லை, நீயே எழுதிக்கொள்" என்று தயாரித்தவர் பயன்படுத்துபவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகிறார்.

டெர்மினல் என்று இன்று நாம் சொல்வது ஒரு பாவனை. 1978இல் அமெரிக்காவின் டெக் நிறுவனம் விடி100 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையும் விசைப்பலகையும் மட்டுமே கொண்ட பெட்டி அது. கணக்குப் போடும் கணினி வேறெங்கோ இருக்கும். திரையில் 24 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். கணினியிலிருந்து கம்பி வழியே எழுத்துகள் வரும், பெட்டி அவற்றைக் காட்டும். நடுவில் எஸ்கேப் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி வந்தால், அடுத்து வருவது எழுத்தல்ல, உத்தரவு. கர்சரை நகர்த்து, வரியை அழி, எழுத்தை அழுத்தமாகக் காட்டு. 1984இல் எக்ஸ்டெர்ம் வந்தது. பெட்டி செய்த வேலையை ஒரு மென்பொருள் விண்டோ செய்யத் தொடங்கியது. இதற்குத்தான் டெர்மினல் எமுலேட்டர் என்று பெயர். பெட்டிகள் மியூசியத்துக்குப் போய்விட்டன, மொழி மட்டும் போகவில்லை. எஸ்கேப், ஒரு சதுர அடைப்புக்குறி, 31, ஒரு சின்ன எம் – இந்த வரிசையை அனுப்பிவிட்டு எதை அனுப்பினாலும் இன்றைய லேப்டாப்பிலும் அது சிவப்பு எழுத்தில் வரும்.

எமுலேட்டர்கள் பெருகப் பெருக, பயனர்களின் கோரிக்கைகளும் பெருகின. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு செட்டிங் சேர்ப்பது சுலபமான வழி. எக்ஸ்டெர்மின் கையேட்டைப் புரட்டினால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்: பக்கம் பக்கமாக நீளும் தேர்வுகள். ஆனாலும் செட்டிங் எவ்வளவு கூடினாலும் அதற்கு ஒரு ஊனம் உண்டு. 'பின்னணி கறுப்பு' என்று அது சொல்லும். 'இந்த சர்வராக இருந்தால், அதுவும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டால், பின்னணி சிவப்பு' என்று சொல்லாது. அந்த 'ஆல்'தான் நிரலாக்கத்தின் தொடக்கம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக செட்டிங்ஸ் கோப்புக்குள் நுழைக்கப் பார்ப்பவர்கள் கடைசியில் அரைகுறையான, யாருக்கும் புரியாத சொந்த மொழி ஒன்றைத்தான் செய்து முடிக்கிறார்கள். நன்றாகச் சமைந்த மொழி ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவருவதே மேல்.

யோசனை பழையது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1981இல் பிறந்த கெர்மிட் என்ற கோப்புப் பரிமாற்ற மென்பொருள், பிற்பாடு தனக்கென ஸ்கிரிப்ட் மொழி ஒன்றை வளர்த்துக்கொண்டது. தொலைபேசி மோடம் வழியே தொலைதூரக் கணினியைக் கூப்பிட்டு, அது பெயர் கேட்கும்வரை காத்திருந்து, பெயரைக் கொடுத்து, கோப்பை வாங்கி வரச் செய்யலாம். பின்னர் மார்க் லேமன் எழுதிய ஆர்எக்ஸ்விடி-யூனிகோட் டெர்மினல், பெர்ல் மொழியையே வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. பெர்ல் வல்லமை மிக்கது, ஆனால் கனமானது. ஒரு சின்ன விண்டோவுக்குள் இன்னும் இலகுவாக உட்காரக்கூடிய மொழி பிரேசிலில் உருவாகியிருந்தது.

லுவா என்ற அந்த மொழி பிறந்த கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் குணம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 1977 முதல் 1992 வரை பிரேசில் அரசு கணினிக் கருவிகளையும் மென்பொருளையும் இறக்குமதி செய்யக் கடும் தடைகள் வைத்திருந்தது. வெளிநாட்டு மென்பொருளை நினைத்தபடி வாங்க முடியாத நிலையில், வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே ஊறியிருந்தது. ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் டெக்ராஃப் ஆய்வுக்குழு, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது. பயன்படுத்தப்போகிறவர்கள் பொறியாளர்களும் புவியியலாளர்களும். நிரல் எழுதுவது அவர்கள் தொழில் அல்ல. அவர்களுக்காகக் குழு ஏற்கெனவே இரண்டு சின்ன மொழிகளைச் செய்திருந்தது. பயனர்களோ 'ஆல்' கேட்டார்கள், திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை கேட்டார்கள். 1993இல் ரொபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கி டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவரும் இரண்டையும் தூக்கிவைத்துவிட்டு லுவாவை எழுதினார்கள்.

ஆக, லுவா தனியாக நின்று அரசாளப் பிறந்த மொழி அல்ல, இன்னொரு மென்பொருளின் வீட்டில் குடியிருக்கப் பிறந்தது. 5.4 பதிப்பின் மூலநிரல் சி மொழியில் சுமார் 30,000 வரி. நூலகங்களோடு சேர்த்துக் கட்டினாலும் 300 கிலோபைட்டைத் தொடுவதில்லை, கைபேசியில் எடுத்த ஒரு போட்டோ இதைவிடப் பெரிதாக இருக்கும். விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள், ரெடிஸ் டேட்டாபேஸ், வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டு, நியோவிம் எடிட்டர் என்று அது போய் உட்கார்ந்த இடங்கள் ஏராளம்.

வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் நடக்கும் விதம்தான் லுவாவின் அழகு. சி மொழியில் நினைவகத்தை எழுதுபவரே கணக்குப் பார்த்து விடுவிக்க வேண்டும். லுவாவில் பயன்பாடு முடிந்ததை மொழியே கூட்டிப் பெருக்கிவிடும். இருவரும் ஒருவர் பொருளில் இன்னொருவர் நேரடியாகக் கைவைத்தால் குழப்பம்தான். அதனால் நடுவில் ஓர் அடுக்கு இருக்கிறது. ரேஷன் கடைக் கவுண்டரைப் போல: கார்டு இந்தப் பக்கத்திலிருந்து போகும், அரிசி அந்தப் பக்கத்திலிருந்து வரும், யாரும் கவுண்டரைத் தாண்டுவதில்லை. டெர்மினல் முதலில் கூப்பிட வேண்டிய செயற்கூற்றை அடுக்கில் வைக்கிறது, மேலே டேப்பின் தலைப்பை வைக்கிறது, 'நடத்து' என்கிறது. லுவா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, விடையை அதே அடுக்கில் வைத்துவிட்டு விலகுகிறது. நடுவில் ஸ்கிரிப்ட் தடுக்கி விழுந்தால் பிழைச் செய்தி அதே வழியில் வந்து சேரும். டெர்மினல் மூடிக்கொள்ளாது.

வெஸ் ஃபர்லாங் ரஸ்ட் மொழியில் எழுதிய வெஸ்டெர்ம், இந்த ஏற்பாட்டைத் துணிந்து பயன்படுத்திய டெர்மினல். அதன் செட்டிங்ஸ் கோப்பே ஒரு லுவா நிரல். நமது சிவப்பு டேப்பை அதில் செய்து பார்க்கலாம். டேப்பின் தலைப்பை வரைய வேண்டிய ஒவ்வொரு முறையும் வெஸ்டெர்ம் ஒரு நிகழ்வை அறிவிக்கிறது. அந்த நிகழ்வுக்கு நாம் ஒரு செயற்கூற்றைப் பதிவுசெய்கிறோம். டேப் பற்றிய விவரங்கள் அதன் கைக்கு வரும். தொலைதூர சர்வரில் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல், வழக்கமாக அந்த சர்வரின் பெயரைத் தலைப்பில் எழுதிவிடும். அந்தப் பெயரில் நமக்குத் தெரிந்த சொல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வரி. இருந்தால் சிவப்புப் பின்னணியோடு தலைப்பைத் திருப்பிக் கொடுப்பது இன்னும் சில வரிகள். கோப்பைச் சேமித்தவுடன் வெஸ்டெர்ம் தானே மறுபடி படித்துக்கொள்ளும். விண்டோவை மூடித் திறக்க வேண்டியதில்லை. பத்து வரிக்குள் ஒரு பெரிய விபத்தைத் தள்ளிவைத்தாயிற்று.

இவ்வளவு சுதந்திரத்துக்கு விலை உண்டு, அது மில்லிசெகண்டில் அளக்கப்படுவது. நொடிக்கு 60 தடவை வரையும் திரையில் ஒரு தடவைக்குக் கிடைப்பது 16 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் அதிகம். தலைப்பை வரையும் அந்தச் செயற்கூற்றுக்குள் யாராவது இணையத்தில் வானிலை விசாரித்துவிட்டு வந்தால் திரை அதுவரை உறைந்து நிற்கும். இதனால்தான் அந்த நிகழ்வு உடனே விடை தந்தாக வேண்டும் என்றும், காத்திருக்க வைக்கும் வேலைகளை அதற்குள் செய்யக் கூடாது என்றும் வெஸ்டெர்மின் கையேடு கண்டிப்பாகச் சொல்கிறது. மெதுவான வேலைகளுக்கு வேறு நிகழ்வு இருக்கிறது, அது வழக்கமாக நொடிக்கு ஒருமுறை வரும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழும் இடத்திலோ லுவாவைக் கூப்பிடுவதே இல்லை. பெரிய லாக் கோப்பு ஒன்று திரையில் ஓடும்போது லட்சக்கணக்கான எழுத்துகள் கடந்துபோகின்றன. ஒவ்வொன்றுக்கும் கவுண்டரில் வரிசை நின்றால் கட்டுப்படியாகாது. மொழியைச் சேர்ப்பதைவிட, எங்கே சேர்க்கக் கூடாது என்று தீர்மானிப்பதில்தான் கைத்திறன் தெரிகிறது.

எல்லோரும் இதே பாதையில் போகவில்லை. மேக் கணினிகளில் ஓடும் ஐடெர்ம்2, பைத்தான் ஸ்கிரிப்ட்டைத் தனி நிரலாக வெளியே ஓடவிட்டு வெப்சாக்கெட் என்ற இணைப்பு வழியாகப் பேசுகிறது. ஸ்கிரிப்ட் சிக்கிக்கொண்டாலும் டெர்மினலுக்குச் சேதமில்லை, ஆனால் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்ப வேண்டும். கேலிபர் மின்னூல் மென்பொருளைத் தந்த இந்திய நிரலாளர் கோவிட் கோயல் எழுதிய கிட்டி டெர்மினலில் பைத்தான் உள்ளேயே இருக்கிறது. அலாக்ரிட்டி டேப்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்ட டெர்மினல். வேகமும் எளிமையும் போதும் என்கிறது. அதன் பிடிவாதத்தை மதிக்கிறேன். ஆனாலும் நாளெல்லாம் டெர்மினலில் பிழைப்பவருக்கு அந்தப் பத்து வரி எழுதும் உரிமை இருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

உரிமையோடு ஆபத்தும் வருகிறது. டெர்மினலில் எழுத்தும் உத்தரவும் ஒரே கம்பியில் வருகின்றன. 2003இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் எச். டி. மூர் வெளியிட்ட ஆய்வு இதன் விபரீதத்தைக் காட்டியது. ஒரு கோப்புக்குள் இரண்டு எஸ்கேப் உத்தரவுகளை ஒளித்துவைக்கலாம்: ஒன்று விண்டோவின் தலைப்பை ஒரு கட்டளையாக மாற்றும், மற்றொன்று 'உன் தலைப்பு என்ன?' என்று கேட்கும். சில டெர்மினல்கள் விடையை, பயனரே தட்டியதைப் போல, விசைப்பலகையின் பாதையில் அனுப்பின. அசந்து என்டரைத் தட்டினால் கட்டளை ஓடிவிடும். கோப்பைத் திறந்து பார்த்ததைத் தவிர பயனர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதற்குப் பிறகு பெரும்பாலான டெர்மினல்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டன.

ஸ்கிரிப்ட் மொழி வந்த பிறகு இதே கதவை வேண்டுமென்றே, ஆனால் ஒழுங்காக, திறக்கிறோம். தொலைதூர சர்வரில் ஓடும் பேக்கப் வேலை முடிந்ததும் ஒரு எஸ்கேப் வரிசையை அச்சிட்டால் போதும். அதற்குள் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் இருக்கும். வெஸ்டெர்ம் அதை ஒரு நிகழ்வாக லுவாவிடம் கொடுக்கும், லுவா நம் லேப்டாப்பில் 'பேக்கப் முடிந்தது' என்று அறிவிப்பைக் காட்டும். தனி இணைப்போ போர்ட்டோ தேவையில்லை. எழுத்து வரும் பாதையிலேயே செய்தியும் வந்துவிடுகிறது. ஆனால் அதே வரிசையை யாரோ அனுப்பிய கோப்பும் அச்சிட முடியும். வந்த மதிப்பை அப்படியே ஷெல்லிடம் கட்டளையாகக் கொடுக்கும் ஸ்கிரிப்ட், 2003இன் ஓட்டையைச் சொந்தக் கையால் மறுபடி போடுகிறது. இன்னொன்றும் உண்டு: லுவாவில் எழுதிய செட்டிங்ஸ் கோப்பு உங்கள் கோப்புகளைப் படிக்கும், வேறு நிரல்களை ஓட்டும். அழகான நிறச் சேர்க்கை என்று பிறருடைய கோப்பை நகலெடுப்பவர் ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.

ஸ்கிரிப்ட்டின் கை எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. அது தமிழர்களை நேரடியாகத் தொடுகிறது. விடி100 விட்டுச்சென்ற கட்டங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன: ஒரு கட்டம், ஓர் எழுத்து. 'கொ' என்று தட்டிப் பாருங்கள். யூனிகோடில் அது ககரமும் ஓர் ஒகரக் குறியுமாக இரண்டு குறிமதிப்புகள். கண்ணுக்குத் தெரிவது கொம்பு, க, கால் என்று மூன்று உருவங்கள். இது ஒரு கட்டமா, இரண்டா? டெர்மினல் ஒரு கணக்குப் போடும், அந்தப் பக்கம் ஓடும் ஷெல் வேறு கணக்குப் போடும். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் கர்சர் எழுத்தின் நடுவில் போய் நிற்கும், பேக்ஸ்பேஸ் தட்டினால் பாதி எழுத்து திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெஸ்டெர்மும் கிட்டியும் எழுத்துருவைச் சரியாகக் கோக்க ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துகின்றன, ஆகவே வடிவம் கெடுவதில்லை. அகலக் கணக்குதான் சிக்கல். லுவாவில் எத்தனை வரி எழுதினாலும் தொலைதூர ஷெல் போடும் கணக்கைத் திருத்த முடியாது.

எழுத்து எத்தனை கட்டம் எடுக்க வேண்டும் என்பதை அச்சிடும் நிரலே டெர்மினலுக்குச் சொல்லிவிடும் நெறிமுறை ஒன்றைக் கிட்டி 2025இல் கொண்டுவந்திருக்கிறது. மற்ற டெர்மினல்களும், அவற்றைவிட முக்கியமாக ஷெல்களும் எடிட்டர்களும், அதை ஏற்க வேண்டும். இவற்றில் பல திறந்த மூலத் திட்டங்கள். 'கொ' எங்கே உடைகிறது என்று படத்தோடு காட்டிப் புகார் எழுத, தமிழில் தட்டும் நிரலாளர்களைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யாரும் இல்லை.